மிச்சமிருந்த ரெண்டு மீன்

"குளத்துல இருக்கற அத்தனையையும் கொன்னுடுங்க."

கத்தி மேடம் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். கத்தி என்பது மாணவர்கள் வைத்த பேர்; கால்நடை மருத்துவக் கல்லூரியில் மீன் நோய்ப் பாடம் எடுப்பவர். ஈவு இரக்கம் மருந்துக்கும் கிடையாது என்று பேர் வாங்கியவர்.

மீன் பண்ணைக்காரர் மேஜையைப் பார்த்தார். அவர் வாளியில் கொண்டுவந்த மீன்கள் வயிறு கிழிபட்டு மேஜைமேல் கிடந்தன.

"நல்லா நீந்துறதையும் கூடவாம்மா?"

"அதுங்கதான் மோசம். வெளியே ஒண்ணும் தெரியாது, உள்ளே வைரஸ். இதுக்கு மருந்தே கிடையாது. வாய்க்கால்ல ஒரு மீன் போனாப் போதும், கீழே இருக்கற குளமெல்லாம் காலி."

சுற்றிலும் கடைசி வருஷ மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் பொறுக்காமல் முன்னே வந்தாள். எறும்பை மிதித்தாலே கண் கலங்குகிறவள். வகுப்பில் அவளுக்குப் பேரே புண்ணியவதி.

"மேடம், அவர் பொழைப்பே அதுதானே? கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே. பாவம் மேடம், உயிர்!"

"பரிதாபப்பட்டா நோய் போயிடுமா? ஒழுங்கா பாடத்தைப் படி."

பண்ணைக்காரர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குப் போன கையோடு குளத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். பிள்ளை மாதிரி வளர்த்ததெல்லாம் செத்து மிதந்ததைப் பார்த்து, அவர் மனைவி மாரில் அடித்துக்கொண்டு அழுதாளாம்.

அவர் கல்லூரியில் விட்டுப்போன வாளியில் இன்னும் ரெண்டு மீன் உயிரோடு இருந்தன. மயக்க மருந்துத் தண்ணீரில் போட்டுக் கொன்று, சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொன்னார் மேடம். அந்த வேலை புண்ணியவதி தலையில் விழுந்தது.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு நேராக விடுதிக்குப் பின்னால், பண்ணைக்காரர் ஊர்ப் பக்கம் ஓடும் வாய்க்காலுக்குப் போனாள்.

"பொழைச்சுப் போங்க, கண்ணுங்களா."

கூட வந்த தோழி உருகிப்போனாள். "உனக்குத்தான்டி மனசு! அந்தக் கத்தியும் இருக்கே, கல்லு!"

மறுமாசம் பண்ணைக்காரர் மறுபடி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாய்க்காலில் கீழே இருக்கும் அவருடைய அண்ணன் குளத்திலும் மீன் சாகிறதாம். அதே நோய்.

"நான் மீனை ஒளிச்சு வெச்சு வாய்க்கால்ல விட்டுட்டேன்னு ஊரே சொல்லுதும்மா. கூடப்பிறந்த அண்ணன் மூஞ்சியில காறித் துப்பிட்டார். என் குளத்துக்கு இனிமே தண்ணியே கிடையாதாம். ஒண்ணு விடாம என் கையால கொன்னேம்மா!"

மேடம் அவரை நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் பார்த்தார்.

"அப்புறம் எப்படிங்க வரும்? இங்கே வந்ததை அன்னைக்கே புதைச்சாச்சு." மாணவியிடம் திரும்பினார். "புதைச்சே இல்ல?"

"புதைச்சுட்டேன் மேடம்."

தோழி அவள் கையைக் கிள்ளினாள். அவள் உதறிவிட்டாள்.

பண்ணைக்காரர் அவள் முன்னால் வந்து நின்றார். "நீயாவது என்னை நம்புறியாம்மா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, வழக்கம்போல. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க சரியாப் பார்த்திருக்க மாட்டீங்கண்ணா. ஒண்ணு ரெண்டு தப்பிச்சுப் போயிருக்கும்."