கூரைக்குக் கொடுத்த முன்பணம்

"இருபதாயிரம் சோம், ஐயா! கிடாரியை வித்துக் கூரை போடறவருக்கு முன்பணமாக் கொடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆணிகூட அடிக்கல!"

சைரகுல் போட்ட சத்தத்தில், பெரியவர்கள் மன்றத்தின் தலைவர் ஜுமாகாதிர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். மலைமேல் கிராமத்திலிருந்து வந்திருந்த அவளை அவருக்கு முன்பின் தெரியாது. ஆனால் முன்பணம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கிணறு தோண்டித் தருகிறேன் என்று அவரிடமே வாங்கிக்கொண்டு ஒருவன் கம்பி நீட்டியிருந்தான்.

"எப்பம்மா கொடுத்தே?"

"ஆடு குட்டி போடற சமயத்துல. இப்பப் பாருங்க, மலை உச்சியில பனி இறங்கிட்டுது. மழைக்கே வீட்டுக்குள்ள சட்டி வைக்கிறேன். பனி கொட்டினா புள்ளைங்க மேலதான் விழும்."

"போய்க் கேட்டியா?"

"கேக்காம இருப்பேனா? தினம் ஒரு கதை. தகரம் வரலைன்னாரு. தகரம் வந்ததும் இடுப்பு வலின்னாரு. மத்தவங்க கூரையெல்லாம் பளபளன்னு முடிஞ்சாச்சு. முன்பணம் கேட்டப்போ, 'காசு கொடுத்தவங்க வேலைதான் எனக்கு முதல்ல'ன்னு பீத்திக்கிட்டாரு. சரின்னு கொடுத்துத் தொலைச்சேன். அந்தக் காசுல குதிரை வாங்கிட்டாரு, ஐயா!"

"குதிரையா!" என்று ஜுமாகாதிர் எழுந்தே விட்டார்.

"கல்பாக் தொப்பியைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு அதுல ஊரைச் சுத்தறாரு. என் புள்ளைங்க சட்டிக்கு நடுவுல படுத்துக் கிடக்குதுங்க."

"தட்டிக் கேக்க உன் வீட்ல ஆம்பளை இல்லையா?"

"இருக்காரு. இருந்து என்ன பிரயோஜனம்? இந்தப் பேச்சை எடுத்தாலே வாயைத் திறக்க மாட்டேங்கறாரு."

அவருக்கு ரத்தம் கொதித்தது. அடுத்தவள் மாட்டை விற்ற காசில் குதிரை சவாரி, அதைக் கேட்க நாதியில்லை. மானங்கெட்ட பிழைப்பு என்று வாய்விட்டே திட்டினார்.

"தீர்ப்பைக் கேட்டுக்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள முழுப் பணமும் உன் கைக்கு வரணும். இல்லைன்னா அந்தக் குதிரையை வித்துக் கொடுக்கணும்."

"கொடுக்கட்டும்!"

"கூரையையும் அவனே இலவசமாப் போட்டுத் தரணும்."

"நல்லாச் சொன்னீங்க, ஐயா!"

"அதோட மன்றத்துக்கு அபராதம், கொழுத்த செம்மறி ஒண்ணு."

சைரகுல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஆடு மட்டும் வேணாமே, ஐயா."

"ஏமாத்தினவன் மேல உனக்கென்னம்மா இரக்கம்? அவன் பட்டியில ஆடு இருக்கா, இல்லையா?"

"இருக்கு. எட்டு இருக்கு."

"அப்புறம் என்ன? நானே வந்து இழுத்துட்டு வரேன். அவன் வீட்டைக் காட்டு!"

"அந்த எட்டையும் மேய்க்கறது நான்தானே, ஐயா. வீடு வரைக்கும் வர வேணாம். வாசல்ல குதிரையைப் பிடிச்சுக்கிட்டு, எங்க சின்னவளைத் தோள்ல தூங்க வச்சுக்கிட்டு நிக்கிறாரு பாருங்க, அவருதான்."