சட்டைப்பையில் இருந்த கட்டை

வயரில் கை வைக்குமுன் ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார் எலக்ட்ரீஷியன். இந்த விஷயத்தில் பெற்ற அப்பனைக்கூட நம்பமாட்டார். அப்படியும் மாடிப்படி விளக்கு எரிந்தது. ஏணியில் நின்ற மச்சினனுக்கு ஷாக் அடித்தது. எலக்ட்ரீஷியன் கொதித்துப்போய்க் கீழே இறங்கினார்.

"எவன்யா ஃபியூஸப் போட்டது? மனுஷன் உசுரு உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?"

"என்மேல ஏன் எரிஞ்சு விழறீங்க? கட்டைய நீங்கதானே பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போனீங்க?" என்றார் மெயின் போர்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன்.

மெயின் போர்டில் ஃபியூஸ் இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. எலக்ட்ரீஷியன் தன் பைக்குள் கைவிட்டார், கட்டை சுட்டது. வெளியே எடுத்ததும் மேலே விளக்கு அணைந்தது.

"அணைஞ்சிருச்சு மாமா, வயரப் பிடிக்கிறேன்!" என்றான் மச்சினன்.

"சரிடா" என்றார். பழக்க தோஷத்தில் கை கட்டையைப் பைக்குள் போட்டது.

மேலே வெளிச்சம் வந்தது. மச்சினன் அலறினான்.

"எவன்டா அவன், மறுபடியும் போட்டது?"