நாற்பத்தெட்டாயிரம் சாம்பிள்

“எட்டாயிரத்துல எடுன்னு சொல்றேன்ல—”

“முடியாதுப்பா! செக்கனுக்கு நாப்பத்தெட்டாயிரம் சாம்பிள் வேணும். கொறச்சா பாட்டுல கொரலு அமுங்கிப்போகும்.”

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தின் லயக் குடியிருப்பில், தான் பாட்டமைத்த கைப்பேசியைத் தகப்பன் முத்தழகின் கையிலிருந்து பறித்தாள் கோகிலவாணி.

“போன்ல எடமில்லம்மா.”

“என் கல்யாண வீடியோவ அழிச்சிட்டேன். இப்ப இருக்கு.”

“லயத்துப் பாட்டுக்கு இம்புட்டுத் தெளிவு எதுக்கு?”

அவள் பாட்டை ஓடவிட்டாள். தாளத்துக்கு நடுவே, கொழுந்து பறிக்கும் பெண்களை, மலையில் அவள் பதிந்துவந்த ஒரு குரல் ஏசியது: “எருமைங்களா, கை ஓடலயாடி?”

அந்தப் பெண்களை வேலை வாங்கும் கங்காணியான முத்தழகு பதறிக் கதவைச் சாத்தினார்.

“யாரையும் ஏசலன்னு தோட்டத்துத் தொரைகிட்ட சத்தியம் பண்ணீங்கள்ல? நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் பதியிற பெரட்டுல எல்லாரும் நிக்கையில இதப் போடப்போறேன். சொல்லுங்கப்பா, இது யாரு கொரலு?”