துடிக்கிற விளக்கு

"இன்டர்வியூல ஒற்றைத் தலைவலியைப் பத்தி மூச்சு விட்டுடாதே" என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். கிடைக்க இருந்த வேலையெல்லாம் அதனால்தான் கை நழுவிப் போயிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்த கையோடு தங்கை வாயைத் திறந்துவிட்டாள்.

"சார், முதல்ல உங்க தலைக்கு மேல இருக்கிற விளக்கை அணைங்க. துடிக்குது."

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். பக்கத்திலிருந்த மேனேஜரம்மாவும் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா எரியுது?"

"உங்களுக்கு நல்லா எரியும் சார். எனக்கு ஒற்றைத் தலைவலி. மூளையில ரசாயனம் கொஞ்சம் முன்னே பின்னே சுரக்கும். உங்களுக்குத் தெரியாத துடிப்பு என் கண்ணைக் குத்தும்."

"எல்லாம் மனப்பிரமை. கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா?"

"பிரமை, பிரமைன்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. துடிக்கிறதைத் துடிக்கலைன்னு சொன்னாத்தான் வேலைன்னா, அதை நீங்களே வச்சுக்குங்க." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேனேஜரம்மா சிரித்தார். "உட்காரும்மா. நாங்க செய்யற விளக்குல சிலது, தலை வலிக்குதுன்னு கடையிலிருந்து திரும்பி வருது. இங்க யார் கண்ணுக்கும் குறை தெரியலை. அதுல ஒண்ணைத்தான் வேணும்னே மேல மாட்டி வச்சோம். காலையிலிருந்து வந்தவங்க ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அழுத்திச் சொன்னா நீ பின்வாங்குறியான்னும் பார்த்துட்டோம். விளக்குச் சோதனைப் பிரிவுக்கு நீதான். எப்ப சேர்ற?"

அவள் உட்காரவில்லை.

"முதல்ல அதை அணைங்க மேடம். அப்புறம் பேசலாம்."