புது நம்பர்

செங்கம் ரோட்டு நாய் கிளினிக்கின் எஃகு மேசையில், சாக்கு போர்த்திக் கிடக்கிறது புஜ்ஜி. வெளியே நீளும் வாலில் தீபத்தன்று வெடித்த சரவெடியின் காகிதத் துணுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது. சன்னலுக்கு அப்பால் மத்தியான வெயிலில் மலை வெளிறித் தெரிகிறது. அடையாளம் உறுதிசெய்ய உதவியாளர் அஸ்பாக் கழுத்தோரம் ஸ்கேனரை வைக்கிறார். தோலுக்கடியில் இருக்கும் சிப் உடனே பதில் சொல்கிறது. உயிர் போனது அதற்குத் தெரியாது. “வெடிக்கு மிரண்டு ஓடி வண்டியில அடிபட்டிருக்குங்க. இங்க தூக்கிட்டு வந்தன்னிக்கே சிப்பைப் பார்த்து, அதுல பதிஞ்சிருந்த உங்க நம்பருக்குக் கூப்பிட்டோம். யாரோ எடுத்து ராங் நம்பர்னு வெச்சுட்டாங்க” என்கிறார். தேடி அலைந்து இன்று இங்கே வந்துசேர்ந்த ரேணுகாம்பாள் புஜ்ஜியின் காதை நீவிக்கொண்டே இருக்கிறாள். “புது சிம்மு வாங்கினதும் பேங்க்ல மாத்துனேன், கேஸ் சிலிண்டருக்கு மாத்துனேன், ரேஷன் கார்டுலகூட மாத்துனேங்க. இதுக்குத்தான்…” மின்விசிறிக் காற்று சாக்கின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. “இப்ப மாத்திடுங்க” என்கிறாள். அஸ்பாக் கணினிப் பக்கம் திரும்புகிறார். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்கிறாள், அவர் தட்டுகிறார். அவள் கையிலிருக்கும் போன் அதிர்கிறது. இனி புஜ்ஜி தொலைந்தால் இந்த எண்ணுக்கே அழைப்பு வரும் என்கிறது செய்தி.