கல்லில் காது

பதினேழு மணி நேரம் ஆகிவிட்டது.

அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

தலைவர் சமாதிக்கு முன்னால் வரிசையில் நின்றாள். செருப்பை வெளியே விட்டாயிற்று. தரைக்கல் சுட்டது. சுடுகிறது என்று தெரிந்தது. காலை மாற்றி வைக்கத் தோன்றவில்லை.

அவளுக்கு முன்னால் அத்தை பேச்சியம்மாள். கணவனின் அம்மா. நேற்றுதான் சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மருமகளுக்கு வளைகாப்பு.

சென்னைக்கு எப்போது வந்தாலும் அத்தைக்கு முதல் வேலை இந்தச் சமாதிதான். கடல் அப்புறம். துணிக்கடை அதற்கும் அப்புறம்.

நேற்று கணவன் மாரீஸ்வரன் அம்மாவை அழைத்துவரப் போயிருந்தான். அதனால் ஸ்கேனுக்கு அவள் தனியாகப் போனாள். மாதாமாதம் எடுப்பதுதானே என்று அவளே சொல்லியிருந்தாள்.

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு வெளியே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தார்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் மருத்துவமனையில் சேர வேண்டும். கணவரோடு வாருங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களும் வரட்டும் என்றிருந்தார்கள்.

வீடு திரும்பியபோது கட்டில் முழுக்கக் கண்ணாடி வளையல் பரப்பியிருந்தது. பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். அளவு பார்க்க என்று அத்தை அவள் கையில் இரண்டு பச்சை வளையலை ஏற்றினார். வாயில் கடலை மிட்டாயோடு மாரீஸ்வரன் ஸ்கேன் என்னாயிற்று என்று கேட்டான்.

பார்த்தார்கள் என்றாள்.

பொய்யில்லை. அவர்களுக்கும் அது போதுமாயிருந்தது.

வளையல் கழற்ற வரவில்லை. இப்போதும் கையில் கிடந்தது.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து கருங்கல்லில் காது வைத்தார்கள். தலைவரை அவர் கைக்கடிகாரத்தோடு அடக்கம் செய்தார்களாம். அது உள்ளே இன்னும் ஓடுகிறதாம். லுங்கி கட்டிய ஒருவர் கண்ணை மூடிக் கேட்டார். எழுந்து, பின்னால் நின்றவர்களிடம் ஓடுது என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

எந்தக் கெட்டியான பொருளில் காதை அழுத்தினாலும் நம் ரத்தம் ஓடுவதுதான் நமக்குக் கேட்கும். கல்யாணமான புதிதில் மாரீஸ்வரனிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். உன் பி.எஸ்ஸி.யை எங்கம்மாகிட்ட மட்டும் காட்டிறாத என்று சிரித்தான்.

அத்தையின் முறை வந்தது.

மண்டியிட்டு வலது காதை வைத்தார். பிறகு கம்மலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இடது காதை வைத்தார். எழவில்லை.

"எழுந்திரு பாட்டி," என்றார் காவலாளி. "வாட்ச் எங்கயும் ஓடிடாது. பின்னால இருக்கிறவங்களும் கேக்கட்டும்."

"யாரைப் பாத்துப் பாட்டிங்கிற? அதுக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு." அத்தை மருமகளின் வயிற்றைக் கையால் காட்டினார்.

வரிசையில் சிரித்தார்கள். காவலாளியும் சிரித்தார். யாரோ ஒரு பெண் அவளுக்கு வழிவிட்டாள்.

அவளும் சிரித்தாள். முகத்தில் எந்தத் தசை இழுக்கிறது என்று தனியாகத் தெரிந்தது.

நீ குனிய வேண்டாம், கும்பிட்டுக்கோ, போதும் என்றார் அத்தை.

கும்பிட்டாள்.

புல்வெளியில் ஒரு மர நிழலில் உட்கார்ந்தார்கள். அத்தை கம்மலை மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டதாம். இவ்வளவு தெளிவாக எப்போதும் கேட்டதில்லையாம். நல்ல சகுனமாம்.

சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். முதல் வார்த்தை எது என்று தெரியவில்லை.

அத்தை அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு சட்டென்று சரிந்து, சேலைக்கு மேலேயே காதை வைத்தார்.

கனம் தெரிந்தது. தேங்காயெண்ணெய் வாசம் தெரிந்தது.

சாலையில் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. அத்தை ஒரு விரலை உயர்த்திக் காட்டினார், பேருந்து நிற்கும் என்பதுபோல.

நின்றது.

அத்தையின் முகம் மெல்ல விரிந்தது.

"இங்கயும் ஓடுது தாயி."

வளையல் சத்தம் வராமல் அவள் கையைத் தூக்கி அத்தையின் தலையில் வைத்தாள்.

"அது என்னோடது அத்தை."

அத்தை காதை எடுக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

"எது?"

"உங்களுக்குக் கேக்குறது. அது என் துடிப்பு."

கை தலையிலேயே இருந்தது.

"பிள்ளைக்கு நின்னுபோச்சு."