லயத்துப் புள்ளடிகள்

மேயரின் அறைக்குள் யாரையும் கேட்காமல் நுழைந்துவிட்டாள் ஜெயலெட்சுமி. தடுக்கப் பின்னாலேயே ஓடிவந்தார் கிளார்க் புவனேந்திரன்.

"விடுங்க, அவங்க நம்ம பூனாகலை அக்கா," என்றார் மேயர் சுதர்ஷினி.

ஜெயலெட்சுமியின் பாதிக் கோபம் அதிலேயே போய்விட்டது. மண் சரிந்து குழாய் உடைந்ததில், பன்னிரண்டு நாளாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் தண்ணீர் இல்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டக்கூடக் கலங்கிய ஓடைத் தண்ணீர்தான். பவுசர் வண்டியில் ஒரு நடை தண்ணீர் வேண்டும் என்றாள்.

மேயர் தயங்கினார். "எங்க பவுசர் டவுன் எல்லையத் தாண்ட முடியாதுக்கா. ஒங்க தோட்டம் பிரதேச சபைக்குள்ள வருது. அங்க பேசிப் பார்க்கிறேன்."

எல்லையாம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே சுதர்ஷினி, சமூக சேவை மிஸ்ஸாக மழையில் மலையேறி வருவார். அட்டை கடித்த காலைத் துடைத்துவிட்டு, லயத்து வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். ஜெயலெட்சுமி சுட்ட ரொட்டியை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அந்த மிஸ் எங்கே போனார்?

"அப்ப எல்லை பார்த்தா வந்தீங்க மிஸ்? போன தேர்தல்ல எங்க லயமே ஒங்க சின்னத்துக்குப் புள்ளடி போட்டுச்சு. நாங்க போட்ட ஓட்டுலதான் இந்த நாற்காலி. மறந்துட்டீங்க."

புவனேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மறக்கலக்கா," என்றார்.

மறுநாள் காலை பிரதேச சபை பவுசர் லயத்துக்கு வந்தது. தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து வர, புவனேந்திரனையும் மேயர் அனுப்பியிருந்தார்.

வாளியோடு நின்றவர்களிடம், ஓட்டுப் போட்டதை ஞாபகப்படுத்தினதும் மேயர் பயந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள் ஜெயலெட்சுமி.

புவனேந்திரனால் பொறுக்க முடியவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, சின்னம் ஒண்டுதான். ஆனா நீங்கள் போட்டது பிரதேச சபைக்கு. டவுன் மேயரைத் தெரிவு செய்ய உங்கட லயத்தில ஒருத்தருக்கும் ஓட்டு இல்லை."

ஜெயலெட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது. "அது மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"தெரியாமல் இருக்குமே? 'அவங்க ஆசையா எனக்குன்னு போட்டிருக்காங்க. அது எனக்கு விழலைன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாது' எண்டு சொன்னவ."